ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? கணினி மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கணினி மன்றத்தின் இந்த ஆண்டுச் செயற்குழுவுக்கும் பொறுப்பாசிரியர் மேடத்துக்கும் வணக்கம்.

நான் 2019ல் வெளியே போன பேட்ச். மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் மன்றத்தின் சர்வரை, அதாவது மன்றத்தின் தளமும் கோப்புகளும் இருக்கிற கணினியை, பார்த்துக்கொண்டவன். பார்த்துக்கொண்டவன் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அந்த வேலைக்கு ஒரு பதவிப் பெயர் அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை, அதுவும்போக இதே கதையை வேறு வேறு ஊர்களில் படித்துவிட்டு என்னோடு வேலை பார்க்கிறவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சர்வரின் மாடல் மட்டும்தான் மாறுகிறது.

போன மாதம் ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு போன். தெரியாத நம்பர். "அண்ணா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, நான் மூணாவது வருஷம். சர்வர் பெட்டி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல உங்க நம்பர் இருந்துச்சு. ரூட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காண்ணா?"

ரூட் பாஸ்வேர்டு என்றால் சர்வரின் மேல் முழு அதிகாரமும் கொடுக்கிற பாஸ்வேர்டு. ஞாபகம் இருந்தது, அதுதான் கொடுமை. கேன்டீனில் அப்போது போட்ட ஒரு பரோட்டாவின் பெயரும் விலையும் சேர்த்து நான் வைத்த பாஸ்வேர்டு, ஆறு வருடம் கழித்தும் அப்படியே உள்ளே விட்டது. பரோட்டா விலை ஏறிவிட்டதாம், பாஸ்வேர்டு மட்டும் பழைய விலையிலேயே இருந்திருக்கிறது. (அன்றைக்கு ராத்திரியே மாற்றியாயிற்று, யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

அதன் பிறகு பதினோரு நாள் சர்வர் படுத்திருந்தது. பன்னிரண்டாம் நாள் நீங்கள் ஒரு அறிவிப்பு ஒட்டினீர்கள். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில தரவுகளை மீட்க இயலவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம், இனி சர்வரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கிற வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு, மாற்றப்போகிறோம் என்று. அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தம்பியோடு நாலு ராத்திரி வீடியோ காலில் நானும் இருந்தேன். அவன் பக்கத்து மேசை மானிட்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் சர்வரில் மாட்டி, போனை அதன் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான், நான் இங்கே சொல்லச்சொல்ல அவன் அங்கே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். நடந்ததைச் சொல்கிறேன், கோளாறு எங்கே என்று நீங்களே பாருங்கள்.

சர்வரில் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப் எடுக்கிற ஒரு க்ரான் வேலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற வேலை, ஓடும். டேட்டாபேஸையும் முக்கியமான கோப்புகளையும் சுருட்டி, யுஎஸ்பியில் மாட்டியிருக்கிற வெளி ஹார்டு டிஸ்கில் போட்டு வைக்கும். ஒரு சுருட்டல் சுமார் 7 ஜிபி. பதினாலு நாளுக்கு மேல் பழையதை அதுவே அழித்துவிடும். ஆறு வருடம் யாரும் தொடாமல் ஓடிய வேலை. சிம்போசியம் முடிந்த வாரம் அந்த டிஸ்கை யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள், நிகழ்ச்சி வீடியோக்களைக் காப்பி செய்ய. டிஸ்க் போனது க்ரானுக்குத் தெரியாது. டிஸ்க் மாட்டியிருந்த இடத்தில் இப்போது வெறும் ஃபோல்டர்தான் இருக்கிறது, அது சர்வரின் சொந்த டிஸ்கிலேயே இருக்கிற ஃபோல்டர். க்ரான் அதில் எழுதியது. அடுத்த நாளும் எழுதியது. மிச்சமிருந்த இடம் அறுபத்துச் சொச்சம் ஜிபி, ஒன்பது நாளில் காலி. பதினாலு நாள் ஆனால்தானே பழையதை அழிக்கும்? அதற்கு முன்பே நிரம்பிவிட்டது. பேக்கப்பே சர்வரைக் கொன்றது.

இடம் இல்லாமல் போனதும் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றது, தளம் திறக்கவில்லை. இதுவரைக்கும் ஒன்றும் குடிமுழுகவில்லை. தெரிந்தவர் ஒருவர் டிஎஃப் என்று ஒரு கட்டளை போட்டிருந்தால் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பிவிட்டது என்று காட்டியிருக்கும், பழைய சுருட்டல் இரண்டை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எழுந்திருக்கும். ஆனால் தெரிந்தவர் யாரும் இல்லை. லேபில் இருந்தவர்கள் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தார்கள், ஒருமுறை இல்லை, மூன்று முறை. அதில் டேட்டாபேஸின் கோப்புகள் கெட்டன. அப்புறம் யாரோ ஒருவர், பாவம், உதவி செய்கிற எண்ணத்தில், எந்த ஃபோல்டர் பெரிதாக இருக்கிறது என்று தேடி, அதை அழித்து இடம் பண்ணினார். அந்தப் பெரிய ஃபோல்டர்தான் ஒன்பது நாள் பேக்கப்.

சரி, பிடுங்கிய டிஸ்க் இருக்கிறதே, அதில் அதற்கு முந்தைய பதினாலு நாள் இருக்குமே என்று ஹாஸ்டல் முழுக்கத் தேடி மூன்றாம் நாள் கண்டுபிடித்தோம். அது லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க், விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. லேப்டாப்பில் செருகியதும் "இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று அது வழக்கம்போலக் கேட்டிருக்கிறது. செய் என்று அமுக்கிவிட்டு, அதன் மேலேயே நாற்பது ஜிபி நடன வீடியோவை ஏற்றியிருக்கிறார்கள்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த பேக்கப் ஸ்கிரிப்டை எழுதியவன் நான்தான். டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார், இல்லையென்றால் நின்றுவிடு என்று ஒரே ஒரு வரி அதில் இருந்திருக்க வேண்டும். நான் எழுதவில்லை. நான்காம் ஆண்டு, பிளேஸ்மென்ட் சீசன், ஓடுகிறதே போதும் என்று விட்டுவிட்டேன். போகும்போது யாரையும் உட்காரவைத்துச் சொல்லியும் கொடுக்கவில்லை, சர்வர் மேல் என் நம்பரை மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டு வண்டி ஏறிவிட்டேன். அதற்குப் பெயர் கைமாற்றம் என்று அப்போது நினைத்திருந்தேன். ஆகவே இந்தக் கடிதத்தில் நான் யாரைத் திட்டினாலும் அதில் பாதி எனக்கும் சேரும்.

ஆனால் மீதிப் பாதி உங்களுக்கு. மன்றத்தில் இந்த ஆண்டு எத்தனை பதவி என்று எண்ணிப் பார்த்தேன். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இரண்டு இணைச் செயலாளர்கள், பொருளாளர், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்கள் நாலு பேர், டிசைன் டீம், சோஷியல் மீடியா டீம், ஸ்பான்சர்ஷிப் டீம், விருந்தோம்பலுக்குத் தனி டீம். கணினி மன்றத்தில் கணினியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை. எனக்கு ராத்திரி போன் செய்த தம்பி எந்தப் பட்டியலிலும் இல்லை. அவனாக ஆர்வப்பட்டு வந்தவன். சிம்போசியத்துக்கு பேனர் கட்டியவர்களுக்கு மூன்று நாள் 'ஓடி' (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகப் போடும் வருகை) கிடைத்தது, நல்லது, கிடைக்கட்டும். இவன் நாலு ராத்திரி கண் விழித்துவிட்டு மறுநாள் காலை முதல் பீரியடில் ஆப்சென்ட் வாங்கியிருக்கிறான். மேடம், இது உங்கள் பார்வைக்கு வந்திருக்காது என்று நம்புகிறேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்கும் ஓடி கொடுங்கள். ஓடி இல்லாத வேலைக்கு நம் கல்லூரியில் ஆள் வராது, அது உங்களுக்கே தெரியும்.

அந்த அறிவிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "தொழில்நுட்பக் கோளாறு" என்ற வார்த்தை எதையும் சொல்லாமல் இருப்பதற்காகவே இருக்கிற வார்த்தை. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்துகிற கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ராத்திரி நேரம், களைத்துப்போய், துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடிப் போனால், தினசரி எடுப்பதாக நினைத்திருந்தது எடுக்கப்படவே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, ஒவ்வொரு நாளும் ஓடி ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை அவர்கள் மெயில் அமைப்பே ஏற்காமல் தள்ளியிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அந்த நேரத்து நகல், இருந்ததால் பிழைத்தார்கள், அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவர்களே எழுதினார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அழித்தவர் பெயரைச் சொல்லித் தூற்றவில்லை, ஏன் அப்படி அழிக்க முடிந்தது என்பதைத்தான் எழுதினார்கள். காசு வாங்கி நடத்துகிற கம்பெனியே எழுதும்போது, படிக்க வந்த இடத்தில் நாம் ஏன் மூடி மறைக்கிறோம்? எந்தத் தம்பி ஃபார்மேட் அமுக்கினான் என்பது எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், யாருக்கும் தேவையும் இல்லை. ஆனால் விண்டோஸ் அப்படிக் கேட்கும், அமுக்கக் கூடாது என்பது அடுத்த வருடம் வருகிற அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். உங்கள் அறிவிப்பைப் படித்து ஒருவர்கூட அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

டொமைன் கதை இன்னும் அழகு. மன்றத்தின் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, வாங்கியது எனக்கு இரண்டு பேட்ச் முந்தைய அண்ணன். கணக்கு அவருடைய கல்லூரி மெயில் முகவரியில். அவர் படித்து முடித்ததும் கல்லூரி அந்த முகவரியை மூடிவிட்டது, முறைப்படி சரிதான். அதனால் அடுத்து வந்தவர்கள், ரொம்ப யோசித்து, கணக்கின் மெயிலை மன்றத்தின் சொந்த முகவரிக்கு மாற்றினார்கள். அந்த முகவரி இருப்பது எங்கே? அதே டொமைனில். டொமைன் காலாவதியானால் மெயில் வராது, மெயில் வராவிட்டால் டொமைனைப் புதுப்பிக்க முடியாது. பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். ஓடிபி போகிற போன் நம்பர் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது, அவர் ஒரு மளிகைக் கடைக்காரர், இரண்டு முறை போனில் பேசி ஓடிபி சொன்னார், நல்ல மனிதர். மூன்றாம் முறை கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது.

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ், அதாவது இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டுகிற சான்று, அந்த விஷயமும் இதே வகைதான். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கிற சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. நம்முடையது எப்போதோ நின்றுபோயிருக்கிறது. காலாவதியாகப்போகிறது என்று முன்பு அவர்கள் மெயிலாவது அனுப்புவார்கள், 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது என்று முதலாண்டுப் பிள்ளைகள் கேட்டதற்கு, "அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போங்க, ஒண்ணும் ஆகாது" என்று மன்றத்தின் வாட்ஸப் குழுவில் பதில் போட்டிருக்கிறீர்கள். கணினி மன்றம்! நாளைக்கு அந்தப் பிள்ளை வங்கித் தளத்திலும் அப்படியே அழுத்தும்.

எங்கள் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 2018ல் ஒருநாள் சர்வரின் மின்விசிறி இரண்டு அறை தள்ளிக் கேட்கிற அளவு கத்திக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சிபியு மொத்தத்தையும் ஒரே வேலை தின்றுகொண்டிருந்தது, எவனோ ஒருவன் நம் சர்வரில் கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கணக்கு வழியாக வந்திருந்தான், அவர் பாஸ்வேர்டு அவருடைய பதிவெண். பதிவெண் எல்லாருடையதும் வரிசையாகத்தானே வரும்? அன்றைக்குத்தான் பாஸ்வேர்டு வழி லாகினை மூடி, சாவிக் கோப்பு இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று மாற்றினோம். போன மாதம் பார்த்தேன், மறுபடி திறந்திருக்கிறது. சாவி எப்படி உருவாக்குவது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் திறந்துவிட்டார்களாம். எங்கே சுற்றினாலும் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

சர்வரில் சென்டோஸ் 7 என்ற இயங்குதளத்தைப் போட்டதும் நான்தான், 2024 வரை கவலையில்லை என்று சொல்லித்தான் போட்டேன். 2024 ஜூன் 30 வந்தது, போனது. அதற்குப் பிறகு ஒரு பாதுகாப்புத் திருத்தமும் அதற்கு வராது. அந்தத் தேதி தெரிந்த ஒரே ஆள் நான், நான் வேறு ஊரில் வேறு சர்வர்களின் அதே தேதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போய்க் கிடக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்கு லேபைப் பூட்டும்போது ஏசியையும் அணைத்துவிடுகிறார்கள். இவை மேடத்தால் ஒரு கடிதத்தில் முடிகிற விஷயங்கள். பேட்டரியை மட்டும் இந்த மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

இப்போது கிளவுட். நான் அதற்கு எதிரி இல்லை, என் சம்பளமே அதில்தான் வருகிறது. பழைய பெட்டியைத் தூக்கிப் போடுவதிலும் எனக்கு வருத்தம் கிடையாது, அது தன் ஆயுளைத் தாண்டி உழைத்துவிட்டது. ஒரே கேள்விதான். அந்தக் கிளவுட் கணக்கு யார் மெயிலில்? கேட்டுப் பார்த்தேன், இணைச் செயலாளரின் சொந்த ஜிமெயிலில், அவர் அப்பாவின் கார்டில். மே மாதம் அவர் போய்விடுவார். அடுத்த ஜூலையில் ஒரு பையன் ராத்திரி பதினொன்றரைக்கு அவருக்குப் போன் செய்வான், இந்த முறை ஒட்டி வைக்க ஒரு பெட்டிகூட இருக்காது. கூடவே, இலவச வரம்பு தாண்டினால் பில் அப்பாவுக்குப் போகும்.

இந்தச் சர்வரில் என்ன இருந்தது என்பதே இப்போதைய செயற்குழுவில் பலருக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். வாராந்திரக் கோடிங் போட்டிக்கான ஜட்ஜ், அதாவது விடைகளைத் தானாகத் திருத்துகிற மென்பொருள், அதில் 2016லிருந்து பிள்ளைகள் எழுதிய ஒவ்வொரு விடையும். ஹாஸ்டல் இணையம் நத்தை வேகத்தில் ஓடிய காலத்தில் உள்ளேயே வைத்திருந்த உபுண்டு இயங்குதளத்தின் நகல், என்பிடெல் பாட வீடியோக்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய செமஸ்டர் கேள்வித்தாள்கள். கல்லூரியில் எங்கள் மன்றத்துக்கு இருந்த மரியாதையில் முக்கால்வாசி அந்தக் கேள்வித்தாள்களால் வந்தது, மெக்கானிக்கல் பையன்கள்கூடத் தேடிக்கொண்டு வருவார்கள். அவை திரும்பக் கிடைத்துவிட்டன. பேக்கப்பிலிருந்து இல்லை, ஒரு சிவில் மாணவி தேர்வுக்கு முன் மொத்தத்தையும் பென்டிரைவில் இறக்கி வைத்திருந்தாள், அதிலிருந்து. போட்டி விடைகளில் என் லேப்டாப்பில் தற்செயலாகக் கிடந்த 2019 நகல் வரைதான் மிச்சம். அதற்குப் பிந்தைய ஆறு வருடம் இல்லை.

மாணவர்களால் இதெல்லாம் முடியாது, படிக்கிறதா சர்வரைப் பார்க்கிறதா என்று ஒரு பேராசிரியர் கேட்டதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓசிஎஃப் என்று ஒரு மாணவர் அமைப்பு 1989லிருந்து லேப், பிரின்டர், வெப் ஹோஸ்டிங் எல்லாவற்றையும் நடத்துகிறது, வேலை செய்கிறவர்கள் மாணவத் தொண்டர்கள். ஸ்வீடனில் லின்ஷோப்பிங்கில் இருக்கிற லிசாட்டர் என்ற மாணவர் கணினிக் கழகம் அதற்கும் மூத்தது, 1973லிருந்து ஓடுகிறது. அங்கேயும் நாலைந்து வருடத்தில் எல்லாரும் படித்து முடித்துப் போய்விடுகிறவர்கள்தான். பெர்க்லிக்காரர்கள் தங்கள் சர்வர் எப்படி அமைந்திருக்கிறது, எது விழுந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் எழுதி யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். நாம் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறோம்.

நான் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. கடைசி செமஸ்டரில் நோ டியூஸ் படிவத்தோடு, எங்கேயும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க, அலைந்தது ஞாபகம் இருக்கிறது. நூலகத்தில் ஒரு கையெழுத்து, லேபில், ஹாஸ்டலில், விளையாட்டுத் துறையில்கூட ஒன்று, நான் அங்கே ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. அந்தப் படிவத்தில், மன்றத்தில் சர்வர் பொறுப்பில் இருந்தவர்களுக்கு மட்டும், இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட வேண்டியது பேராசிரியர் இல்லை, அடுத்து பொறுப்பேற்கிற இரண்டாமாண்டு மாணவர். அவர் ஒரு பழைய பேக்கப்பை எடுத்து, ஒரு வெறும் கணினியில் விரித்து, தளம் திறக்கிறது என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் போட வேண்டும். சீனியருக்கு சர்டிபிகேட் வேண்டுமென்றால் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். மரியாதைக்காகவோ பாசத்துக்காகவோ நாங்கள் செய்யவில்லை, ஒரு கையெழுத்துக்காக நிச்சயம் செய்திருப்போம். டொமைனும் கிளவுட் கணக்கும் கல்லூரியின் நிரந்தர மெயில் முகவரி ஒன்றில், பணம் கல்லூரிக் கணக்கிலிருந்து. இவ்வளவுதான்.

வரும் சனிக்கிழமை நான் ஊருக்கு வருகிறேன். புது ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதன் மேல் "விண்டோஸில் செருகாதே" என்று பெயின்டால் எழுதியும் ஆயிற்று. ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரியை நானே வந்து சேர்க்கிறேன், அல்லது அந்தத் தம்பி சேர்க்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணிக்கு லேபைத் திறந்து வைக்க மேடம் சொல்லிவிட்டால் போதும். சாவி வைத்திருக்கிற லேப் அண்ணனுக்கு சனிக்கிழமை அரை நாள்தான், அதனால் செயற்குழுவில் யார் வந்தாலும் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுங்கள்.